நல்ல கன்ட்ரோலர்தான், ஆனால் அந்த 24 வோல்ட்!

ஏசி காற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலரின் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓஎம்ஆரில் நாங்கள் பராமரிக்கும் ஆபீஸ் கட்டடத்தில் விஏவி பெட்டிகளுக்கு (அறைக்குப் போகும் குளிர்காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள்) இதே கன்ட்ரோலர்தான் பல வருடமாக ஓடுகிறது. சீலிங்குக்கு மேலே, வெக்கையிலும் தூசியிலும் கிடந்தும் ஒன்றுகூடத் தானாகச் செத்ததில்லை. கழற்றி மாட்டும் டெர்மினல் பிளக் அருமை. கருவியை மாற்றினால் ஒயரை மறுபடி முறுக்க வேண்டியதில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்று. உள்ளே இருப்பது ஹாஃப்-வேவ் சப்ளை (ஏசி மின்சார அலையின் ஒரு பாதியை மட்டும் டிசியாக மாற்றுவது). இதில் 24 வோல்ட் ஏசி சப்ளையின் இரண்டு கால்களில் (ஒயர்களில்) ஒன்று, சிக்னல் காமனோடு (எல்லாச் சிக்னலுக்கும் பொதுவான இணைப்போடு) நேரடியாக இணைந்திருக்கிறது. அது எந்தக் கால் என்று பிளக்கின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏணியில் நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு மீட்டிங் ரூமுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பக்கத்துக் கன்ட்ரோலரின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே சப்ளை எடுத்தார்கள், ஆனால் கால் மாறிவிட்டது. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது, காற்றுவழியைத் திறந்து மூடும் டேம்பரும் திரும்பியது. அப்புறம் கன்ட்ரோலர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் ஆர்எஸ்-485 லைனின் காமன் ஒயரைச் சேர்த்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு உறுமு உறுமியது, ஃபியூஸ் போனது. ஒன்றின் காமன் இன்னொன்றின் 24 வோல்ட்டில் உட்கார்ந்தால் நேர் ஷார்ட்தானே! அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும் ஃபுல்-வேவ் கருவியை இதே டிரான்ஸ்ஃபார்மரில் கோத்து, காமனையும் சேர்த்தால் கால் சரியாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. அதன் பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் டயோடு அமைப்பில்) உள்ள டயோடு வழியாக ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் ஷார்ட்.

இப்போதெல்லாம் பிளக்கைச் செருகும் முன், இரண்டு பிளக்கின் காமன் கால்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 24 காட்டினால் கால் மாறியிருக்கிறது. இந்தச் சோதனையைச் சுலபமாக்குவதும் அதே கழற்றும் பிளக்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கம் கை வைப்பதாக இருந்தால் மட்டும் எம்சிபியை இறக்கி, பூட்டிவிட்டு, டெஸ்டரில் பார்த்த பிறகே.

கம்பெனி சப்போர்ட்டைக் கேட்டால் "மேனுவலில் இருக்கிறது சார்" என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. சீலிங்குக்கு மேலே மேனுவலை யார் கொண்டுபோகிறார்கள்? ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இத்தனை வருடம் உழைத்த கருவியைப் பற்றி இப்படிச் சொல்வது நியாயமில்லைதான். ஆனால் கலந்து கோக்கும் வம்பே வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் போட்டால், குறைந்த விலை அங்கேயே கரைந்துவிடும். அதையும் மீறி வாங்குவதென்றால், கொட்டேஷனிலேயே டிரான்ஸ்ஃபார்மர்களையும் சேர்த்துக் கேட்கட்டும்.