அலெக்சாண்ட்ரா பேலஸா, கிரிஸ்டல் பேலஸா? லண்டனின் இரு குன்றுகள்

லண்டன் நகரத்தின் வடக்கே ஒரு குன்றும் தெற்கே ஒரு குன்றும் இருக்கின்றன. பொதுமக்கள் ஒரு நாள் முழுவதையும் கழித்துவிட்டு வரும்படியான பெரிய கேளிக்கை மாளிகை ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் இரண்டின் உச்சியிலும் எழுப்பப்பட்டது. அரண்மனை என்ற பெயர்தான் உண்டே தவிர, இரண்டிலும் எந்த அரசரும் குடியிருந்ததில்லை. கச்சேரி, கண்காட்சி, வாணவேடிக்கை, தேநீர் என்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போன சாதாரண மக்களுக்காகவே அவை கட்டப்பட்டன. வடக்கே உள்ளது அலெக்சாண்ட்ரா பேலஸ். உள்ளூர்க்காரர்கள் அதைச் செல்லமாகச் சுருக்கி அழைப்பது தமிழ்க் காதுக்கு ‘அல்லி பல்லி’ என்றுதான் விழும். ஆனால் பல்லிகள், அதாவது டைனோசர் சிலைகள், இருப்பதென்னவோ தெற்குக் குன்றில், கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில். ஒரே ஒரு சனிக்கிழமைதான் கையில் இருக்கிறது, எந்தக் குன்றில் ஏறுவது என்று கேட்பவர்களுக்காக, இரண்டிலும் பலமுறை நடந்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

வயதில் மூத்தது தெற்கு மாளிகை. 1851ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் ஹைட் பார்க்கில் எழுப்பிய இரும்பும் கண்ணாடியுமான கட்டடத்தைப் பிரித்தெடுத்து, சிடனம் மலை மீது இன்னும் பெரிதாகக் கட்டி, 1854 ஜூன் 10 அன்று விக்டோரியா அரசியின் கையால் திறந்தார்கள். தெற்கே ஒன்று வந்தபின் வடக்கே வேண்டாமா என்ற போட்டியில் பிறந்ததே அலெக்சாண்ட்ரா பேலஸ். இதற்கும் ஒரு கண்காட்சியின் மிச்சமே கைகொடுத்தது. சவுத் கென்சிங்டனில் 1862இல் நடந்த கண்காட்சியின் கட்டடத்தை இடித்தபோது கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி இங்கே வந்து சேர்ந்தது. 1873 மே 24 அன்று திறப்பு விழா நடந்தது. பதினாறே நாளில், ஜூன் 9 அன்று, கூரையில் பற்றிய தீ மாளிகையை முழுவதுமாக எரித்துவிட்டது. இரண்டே ஆண்டில், 1875 மே 1 அன்று, புதிய மாளிகை திறக்கப்பட்டது என்பதுதான் வியப்பு. இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது கட்டடத்தை.

இரு குன்றுகளின் கதையும் 1936 நவம்பரில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அந்த மாதம் 2ஆம் தேதி, அலெக்சாண்ட்ரா பேலஸின் கிழக்குப் பகுதியை வாடகைக்கு எடுத்திருந்த பிபிசி, அங்கிருந்து தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பெயர்டின், படத்தை 240 கோடுகளாகப் பிரித்து அனுப்பும் முறையும் மார்கோனி–இஎம்ஐ நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் வாரம் மாற்றி வாரம் ஓடி, எது சிறந்தது என்று மக்கள் கண்முன்னேயே போட்டியிட்டன. பெயர்டின் நிறுவனத்துக்குத் தெற்கே கிரிஸ்டல் பேலஸில் ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அதே மாதம் 30ஆம் தேதி இரவு கிரிஸ்டல் பேலஸ் எரிந்தபோது அவற்றில் பெரும்பகுதியும் எரிந்துபோயிற்று. 1937இன் தொடக்கத்தில் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. அதற்கு அந்தத் தீ மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அவருடைய முறையே அதற்குள் பின்தங்கியிருந்தது. 1956இல் பிபிசியின் லண்டன் தொலைக்காட்சி ஒளிபரப்பு வடக்குக் கோபுரத்திலிருந்து கிரிஸ்டல் பேலஸில் எழுந்த புதிய கோபுரத்துக்கு மாறியது. வரலாற்றுக்காகப் போகிறவர்கள் இரண்டையும் பார்த்தால்தான் இந்தக் கதையின் இரு பாதிகளும் சேரும்.

மாளிகை வேண்டும் என்பவர்களுக்குத் தேர்வு எளிது, ஏனென்றால் மாளிகை இருப்பது வடக்கே மட்டும்தான். எதிர்பார்ப்பை மட்டும் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். 1980 ஜூலை 10 அன்று நேர்ந்த இரண்டாவது தீயில் பெரிய கூடமும் அதை அடுத்த பகுதிகளும் அழிந்து, 1988இல்தான் மீண்டும் திறந்தன. ஆகவே, ஹென்றி வில்லிஸ் செய்த ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியும் தெற்குச் சுவரின் வட்டச் சாளரமும் பார்க்கத் தக்கவையாக இருந்தாலும், பெரிய கூடம் இன்று பெரும்பாலும் நிகழ்ச்சி நடத்துவதற்கான ஒரு விசாலமான கொட்டகைதான். அதுவும் நிகழ்ச்சி இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டி நடக்கும் உலக டார்ட்ஸ் (சிற்றம்பு எறியும்) போட்டி 2007 முதல் இங்கேதான் நடக்கிறது. ஜனவரியில் மாஸ்டர்ஸ் ஸ்நூக்கர் வருகிறது. டார்ட்ஸ் நாட்களில் வாழைப்பழ வேடத்திலும் சாமியார் வேடத்திலும் பாட்டுப் பாடிக்கொண்டு மலையேறும் கூட்டத்தின் நடுவே அமைதியான வரலாற்று உலாவை எதிர்பார்த்துப் போய் நான் விழித்திருக்கிறேன். சீட்டு இல்லாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. சீட்டு இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டமே பாதி வேடிக்கை.

என் கணக்கில் வடக்குக் குன்றின் உண்மையான சொத்து அதன் நாடக அரங்கம். 1875இல் மூவாயிரம் பேர் அமரும்படி கட்டப்பட்ட இந்த அரங்கம், பிற்காலத்தில் திரைப்படக் கூடமாகவும் பிபிசியின் பொருள்கிடங்காகவும் மாறி, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்து, 2018இல்தான் திறக்கப்பட்டது. புதுப்பித்தவர்கள் இதற்குப் புது வண்ணம் அடிக்கவில்லை. சிதைவு மேலும் பரவாமல் நிறுத்தினார்கள், கூரையையும் மாடத்தையும் உறுதிப்படுத்தினார்கள், மற்றதை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். சுவரருகே போய் நின்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பழைய வண்ணங்கள் செதில் செதிலாக உரிந்து நிற்பதையும், காரை உதிர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் மரச்சிம்புகள் வரிவரியாகத் தெரிவதையும் காணலாம். விளக்கு அணைந்து மேடை மட்டும் ஒளிரும்போது, இந்த உரிந்த சுவர்கள் மங்கலான பொன்னிறமாகிவிடுகின்றன. மேடைக்குக் கீழே, நடிகர்களைத் திடீரென்று மேலே தோன்றச் செய்வதற்கும் மறையச் செய்வதற்கும் அமைத்த விக்டோரியா காலத்து மரப்பொறிகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு செல்லும் உலா அறிவிக்கப்படும் நாளில் போனால் அவற்றைப் பற்றி விரிவாகக் கேட்டறியலாம். நாடகமோ இசையோ ஏதேனும் ஒரு சிறிய நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கி உள்ளே போவதுதான் எனக்குத் தெரிந்து இந்த மாளிகையைப் பார்க்கச் சரியான வழி.

தெற்கே மாளிகை இல்லை என்பதைப் போய்ப் பார்த்துத்தான் உணர வேண்டும். உச்சியில் நீண்ட கல்மேடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. தேர் போகும் அகலத்துக்குப் படிக்கட்டுகள் இருக்கின்றன. செங்காவி பூசிய ஸ்பிங்க்ஸ் சிலைகள் இருபுறமும் காவல் இருக்கின்றன. படியேறி மேலே போனால் புல்வெளியும் காற்றும்தான். இசம்பார்ட் கிங்டம் புரூனெல் நீரூற்றுகளுக்காக அமைத்த இரண்டு நீர்க்கோபுரங்களில் ஒன்றின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிலருக்கு இது வெறும் பாழிடம், கூட வந்த நண்பர் ஒருவர், “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று கேட்டுவிட்டார். இடிந்த கோட்டைகளில் மணிக்கணக்கில் சுற்றும் இயல்புடையவர்களுக்கு இந்த வெற்றிடம் முழுக் கட்டடத்தைவிட அதிகம் பேசும். நான் இரண்டாவது வகை, ஆகவே என் தீர்ப்பைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் குன்றின் அடிவாரத்தில் உள்ள டைனோசர்களைப் பற்றி எந்தத் தள்ளுபடியும் வேண்டியதில்லை. சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ், உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனின் ஆலோசனையோடு 1854இல் உருவாக்கிய, ஏறத்தாழ முப்பது சிற்பங்களான இவை, அழிந்துபோன விலங்குகளை ஆளுயரத்தையும் தாண்டிய முழு உருவில் மக்களுக்கு முதன்முதலாகக் காட்டியவை. இவற்றில் உண்மையான டைனோசர்கள் நான்கே. மற்றவை கடல் ஊர்வன, பழங்காலப் பாலூட்டிகள் முதலியன. கரையில் நிற்கும் இகுவானோடன் என்ற டைனோசரின் மூக்கைக் கவனிக்க வேண்டும். காண்டாமிருகத்தைப் போல அங்கே ஒரு கொம்பு இருக்கும். அது கொம்பே இல்லை, கட்டைவிரல் முள் என்பது 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெளிவாயிற்று. தவறைத் திருத்தாமல் அப்படியே காத்துவருகிறார்கள். அதுதான் இதன் அழகு. 1853ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவில், இந்த இகுவானோடனின் அச்சுக்குள் மேசை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்தார் ஹாக்கின்ஸ். பாசி படிந்த முதுகும், நீரில் பாதி மூழ்கிய கடல் பல்லியின் உருண்டைக் கண்ணும், அதன் தலையில் கூசாமல் வந்து அமரும் நாரையும் சேர்ந்த காட்சிக்கு ஈடாக வடக்குப் பூங்காவில் ஒன்றும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒப்பீடு இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

காட்சி என்று வந்தால் பலரும் ஏமாறும் செய்தி ஒன்று உண்டு. கிரிஸ்டல் பேலஸின் மேடைகள் தென்கிழக்கு நோக்கி, கென்ட் பக்கத்துப் பசுமையைப் பார்த்து இருக்கின்றன. நகரத்துக்கு அவை முதுகைக் காட்டுகின்றன. லண்டனைப் பார்க்க வேண்டுமானால் பூங்காவை விட்டு வெளியே வந்து, ஜிப்சி ஹில் போன்று வடக்கே சரியும் தெருக்களில் வீடுகளுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டும். அலெக்சாண்ட்ரா பேலஸிலோ தெற்கு முகப்பின் முன்னால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாலே போதும்: இடப்புறம் கேனரி வார்ஃப், நடுவே நகரின் உயர்ந்த கட்டடங்கள், ஷார்ட் கோபுரம் என்று மொத்த நகரமும் விரிந்து கிடக்கும். சூரியன் மறைந்து விளக்குகள் ஏறும் அரைமணி நேரத்துக்காகவே அங்கே போகலாம். காற்று மட்டும் எந்தப் பருவத்திலும் கடுமை. கோடையிலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

போய்ச் சேரும் வழியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாளிகைகளின் வாசலுக்கே பயணிகளைக் கொண்டுவந்த கிளை ரயில் பாதைகள் இரண்டுமே 1954இல் மூடப்பட்டுவிட்டன. இன்று அலெக்சாண்ட்ரா பேலஸ் ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து நல்ல ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களையும் குழந்தை வண்டியையும் கூட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போகாதீர்கள். ஃபின்ஸ்பரி பார்க்கிலோ வுட் கிரீனிலோ W3 பேருந்தைப் பிடித்தால் மாளிகை வாசலிலேயே இறங்கலாம். நடக்கப் பிடித்தவர்களுக்கு, பழைய ரயில் பாதையே பார்க்லேண்ட் வாக் என்ற மரநிழல் பாதையாக மாறியிருக்கிறது. கிரிஸ்டல் பேலஸில் பேருந்து நிலையம் உச்சியிலேயே இருப்பதால், மேலே இறங்கி, கல்மேடைகளையும் ஸ்பிங்க்ஸுகளையும் பார்த்து, இறக்கத்திலேயே நடந்து டைனோசர்களை அடைந்து, பெஞ்ச் வாயில் வழியாக வெளியேறி பெஞ்ச் வெஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம். ஒரு அடிகூட ஏறாமல் முழுப் பூங்காவையும் பார்க்கும் இந்த வசதி வடக்கே கிடையாது.

பூங்கா என்ற அளவில் இரண்டும் ஏறக்குறைய இருநூறு ஏக்கர். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வடக்கே படகுக் குளம், மான்களுக்கான அடைப்பு, தோப்பு, 1970 வரை குதிரைப் பந்தயம் நடந்த தாழ்நிலம் ஆகியவை உண்டு. அந்தப் பந்தயப் பாதையின் வடிவத்தைப் பார்த்து அதை ‘வாணலி’ என்று அழைத்தார்களாம். தெற்கே செடிச்சுவர்களால் ஆன பெரிய புதிர்ப்பாதை, 1964இல் திறந்த தேசிய விளையாட்டு மையம், துருவேறிய எஃகில் குளத்தின் மேல் நிற்கும் இசைமேடை ஆகியவை இருக்கின்றன. 1980இல் பாப் மார்லி பாடியது அந்த இசைமேடை இருக்கும் சரிவில்தான். மேடை மட்டும் பின்னால் வந்தது. பராமரிப்பில் வடக்கு ஒரு படி மேல். தெற்கே சீரமைப்புப் பணிகள் நடக்கும்போது சில பாதைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால், கிளம்புமுன் பார்த்துக்கொள்வது உத்தமம்.

மழை வந்தால் பேச்சே இல்லை, வடக்குத்தான்: கூரை இருக்கிறது, 1990 முதல் ஐஸ் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது, தேநீர் கிடைக்கும். தெற்கே மழையில் நனைந்தபடி டைனோசர் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். உடன் வந்த எவருக்கும் இதுவரை பிடித்ததில்லை.

ஆகவே, பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உடன் வருவதானால், வானமும் தெளிந்திருந்தால், தெற்கே போங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால், நாடக அரங்கில் ஏதேனும் நிகழ்ச்சி இருக்கும் மாலையைத் தேர்ந்து வடக்கே போங்கள். அரங்கம் பூட்டியிருக்கும் நாளானால், வடக்கில் எஞ்சுவது காட்சி ஒன்றுதான், அதற்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு நாள் கிடைத்தவர்கள் முதல் நாள் காலையில் தெற்கையும் மறுநாள் மாலையில் வடக்கையும் வைத்துக்கொள்ளலாம். இருட்டிய பின் அலெக்சாண்ட்ரா பேலஸின் கைப்பிடிச் சுவரருகே நின்று, நகரத்து விளக்குகளையெல்லாம் தாண்டித் தென்தொடுவானத்தைத் தேடுங்கள். மூட்டம் இல்லாத இரவில், முந்தின நாள் அண்ணாந்து பார்த்த கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் சிவப்பு விளக்குகளோடு அங்கே தெரியும்.