எச்சரிக்கை: கஜானாவுக்குச் செலவு வைக்காத படை என்றால் நம்பாதீர்கள்

1625-இல், ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் நடந்தபோது, பொஹீமியத் தளபதி வாலன்ஸ்டைன் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பெர்டினான்டிடம் வைத்த யோசனை இதுதான்: படையை நான் திரட்டுகிறேன், உங்கள் கஜானாவிலிருந்து பணம் வேண்டாம். அதற்குப் பணம் புரட்டித் தந்தவர் பிராக் நகர வணிகர் ஹான்ஸ் டி விட்டே. தனியார் படைதான் சிக்கனம் என்பவர்கள் அவருக்கு நேர்ந்ததைப் படிக்க வேண்டும்.

கர்னல் கைக்காசைப் போட்டு ரெஜிமென்ட் திரட்டுவார். அதற்குள் கம்பெனி எனப்படும் படைப்பிரிவுகள் 10, கம்பெனிக்கு 300 பேர், ஆக 3,000. முன்பணம், ஆயுதம், சம்பளம் எல்லாவற்றுக்கும் டி விட்டே பணம் அனுப்புவார். அதில் பெரும்பகுதி வெளியூர் வணிகர்களிடம் மாற்றுண்டியல் (குறித்த தேதியில் பணம் தருவதாகச் சொல்லும் சீட்டு) எழுதி வாங்கியது. படை தங்கும் ஊர்களில் பிடுங்கும் வசூலிலிருந்து அதை அடைக்க வேண்டும். சிக்கலே இங்குதான். உண்டியலுக்குத் தவணைத் தேதி உண்டு. ஊர் வசூலுக்கு இல்லை. ஒருமுறை சுரண்டிய ஊர் மறுமுறை தராது. புது ஊர் பிடிக்கப் புதுப் படை, அதற்குப் புதுக் கடன்.

வாலன்ஸ்டைனுக்கோ பல வழியில் வரவு. பொஹீமியாவில் அவருக்கிருந்த ஃப்ரீட்லாண்ட் சிற்றரசின் பண்ணைகளும் பட்டறைகளும் ரொட்டி, பூட்ஸ், உடை செய்து அவர் படைக்கே விற்றன. பேரரசர் பட்ட கடனுக்கு வட ஜெர்மனியின் மெக்லென்பர்க் சிற்றரசே அவர் கைக்கு வந்தது. டி விட்டேக்கு இருந்த பிணை வாலன்ஸ்டைனின் பதவியும் வாக்கும்தான். 1630 ஆகஸ்டில் பதவி போனது. செப்டம்பர் 11 அன்று டி விட்டே தன் தோட்டக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார்.

ஆள் கணக்கிலும் ஏமாற்று உண்டு. கணக்கெடுப்பு நாள் முன்பே தெரிந்தால் வேலைக்காரன், வண்டிக்காரன், பக்கத்துக் கம்பெனி ஆள் என்று யாரையாவது இரவல் துப்பாக்கியோடு வரிசையில் நிறுத்துவார்கள். பிரான்சில் இவர்களுக்கு 'பாஸ்வோலான்' என்று பெயர். செத்தவன், ஓடிப்போனவன் பெயரும் பட்டியலில் இருக்கும், சம்பளம் கம்பெனித் தலைவரான கேப்டன் பைக்குப் போகும். கேப்டனை மட்டும் திருடன் என்பது நியாயமில்லை. அரசு வைத்த பாக்கியைப் பலர் இப்படித்தான் ஈடுகட்டினார்கள்.

இப்படிப் படை திரட்டும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: தேதி சொல்லாமல் எல்லாக் கம்பெனியையும் ஒரே நாளில் எண்ணும் உரிமை, பெயரோடு ஊரும் அங்க அடையாளமும் உள்ள பட்டியல், சிப்பாய் கையிலேயே சம்பளம். கடன் கொடுப்பவர் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: பிணை தளபதியா, வரி வருவாயா? அக்கால டச்சுக் குடியரசிலும் (இன்றைய நெதர்லாந்து) தனியார்தான் கம்பெனிகளுக்குச் சம்பள முன்பணம் தந்தார்கள். மாகாணங்கள் பணம் தரத் தாமதித்ததுண்டு. ஆனால் அந்தக் கடனுக்குப் பின்னால் நின்றது மாகாண வரி, ஒரு தளபதி பதவியில் நீடிப்பதை நம்பி அது கொடுக்கப்படவில்லை.