கழுத்து டிஸ்டோனியாவுக்குப் போட்டுலினம் ஊசி: மருந்துக்கு ஒரு மதிப்பெண், போடும் முறைக்கு வேறு மதிப்பெண்

கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகித் தலையை ஒரு பக்கம் திருப்பியோ சாய்த்தோ விடுகிற நரம்பியல் கோளாறான கழுத்து டிஸ்டோனியாவுக்கு, இன்று மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் அந்தத் தசைகளுக்குள் செலுத்தும் ஊசியைத்தான். முகச் சுருக்கம் போக்கும் மருந்து என்றே பலரும் அறிந்திருக்கும் போட்டாக்ஸ், இதே நச்சிலிருந்து செய்யப்படும் ஒரு மருந்தின் வணிகப் பெயர். அது அமெரிக்காவில் 1989-இல் முதலில் ஒப்புதல் பெற்றது மாறுகண்ணுக்கும் கண்ணிமை இழுப்புக்கும். கழுத்து டிஸ்டோனியாவுக்கு 2000-இல் அனுமதி கிடைத்தது. முகச் சுருக்கத்தின் முறை 2002-இல்தான் வந்தது. இந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களில் நானும் ஒருவர். மருந்தின் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அது போடப்படும் முறையைப் பொறுத்து அதன் பலன் இவ்வளவு மாறும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியேறுவதை இம்மருந்து தடுக்கிறது. மூளை அனுப்பும் தவறான கட்டளை நிற்பதில்லை, அது தசையைப் போய்ச் சேர்வதுதான் குறைகிறது. ஆகவே இது நோயைக் குணப்படுத்துவதில்லை. நரம்பு முனை மெல்ல மீண்டதும் இறுக்கமும் திரும்பிவிடும். இதை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

எந்தத் தசையில் போடுவது என்று முடிவெடுக்கும் பகுதிதான் இச்சேவையின் உயிர். தலை வலப்பக்கம் திரும்பினால், பெரும்பாலும் கழுத்தின் முன்புறத்தில் இடக்காதின் பின்னிருந்து காறை எலும்புவரை இறங்கும் தசையும், பின்கழுத்தில் வலப்பக்கத் தசையும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும். வலிக்கிற இடத்தை மட்டும் தொட்டுக் காட்டி ஊசி போட்டுக்கொள்வது இதனால் பயன் தராது. தாடையை விரலால் லேசாகத் தொட்டாலே தலை நேராக நிற்பது எங்களில் பலருக்கும் தெரிந்த உத்தி. அது பழக்கமாகிவிடுவதால் மருத்துவர் முன்னாலும் நம்மை அறியாமல் கை தாடைக்குப் போய்விடும். நல்ல மருத்துவர் கையை மடியில் வைக்கச் சொல்லி, கண்களை மூடச் சொல்லி, தலையை அதன் போக்கில் விடச் சொல்லிப் பார்ப்பார். நடக்கவும் எழுதவும் செய்து பார்ப்பவர்களும் உண்டு. நான் முதலில் சென்ற இடத்தில் இவை எதுவும் நடக்கவில்லை. கோப்பில் இருந்த பழைய புள்ளிகளிலேயே ஊசி இறங்கியது, பலனும் அரைகுறையாகவே இருந்தது. இப்போது செல்லும் இடத்தில் ஊசிமுனை வழியாகத் தசையின் மின்னோட்டத்தைக் கேட்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். முறுக்கேறிய தசைக்குள் முனை நுழைந்ததும் அது இரைகிறது. கேட்க இனிமையாக இராது என்றாலும், ஆழத்தில் கிடக்கும் தசைகளுக்கு இத்தகைய துணை இருப்பது நல்லது. அல்ட்ராசவுண்ட் துணையுடன் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஊசி வலி தாங்கக்கூடியதே. பலன் அன்றே தெரியாது. பொதுவாக முதல் இரண்டு வாரங்களுக்குள் இறுக்கம் தளரத் தொடங்கி, சில வாரங்களில் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. பக்க விளைவுகளில் முக்கியமானது விழுங்குவதில் சிரமம். முன்கழுத்துத் தசைகளில், அதிலும் இருபுறமும் போடும்போது, இதற்கான வாய்ப்பு கூடுகிறது. எனக்கு ஒருமுறை மாத்திரை விழுங்குவதே பாடாக இருந்தது. அடுத்த தடவை அளவைக் குறைத்ததும் அது வரவில்லை. மூச்சுவிடவோ விழுங்கவோ மிகவும் கடினமானால் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். தசைக் களைப்பு நோய் (மயஸ்தீனியா கிராவிஸ்) இருப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

என் உண்மையான மனக்குறை கடைசி வாரங்களைப் பற்றியது. மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடக்கூடும் என்பதால், பன்னிரண்டு வாரங்களுக்கு முன் மறு ஊசி போடுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள், அது நியாயம். ஆனால் பலனோ பலருக்கும் அதற்கு முன்பே வடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில், வாகனம் ஓட்டப் பின்னால் திரும்பிப் பார்ப்பது, எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுவது போன்ற எளிய காரியங்கள்கூட மறுபடி உழைப்பாகிவிடும். இந்நிலையில் முன்பதிவைச் சில வாரங்கள் தள்ளிப்போடும் மருத்துவமனை, அது தனக்கு வெறும் நாள்மாற்றம் என்றே நினைக்கிறது. ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியைக் குறித்துத் தரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, கட்டடத்தின் பகட்டைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

மொத்தத்தில், மருந்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன்; முதலில் போன இடத்தின் சேவைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே ஊசியோடு தீர்ப்பெழுத வேண்டாம். சரியான தசைகளும் அளவும் பிடிபடச் சில சுற்றுகள் ஆவது வழக்கம். தலை மோசமாகத் திரும்பும் நேரத்தில் கைபேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மருந்தின் வணிகப் பெயர், எந்தத் தசையில் எத்தனை யூனிட் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல என்பதால், மருத்துவரை மாற்ற நேர்ந்தால் அந்தத் தாள் இல்லாமல் புதியவர் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.