பழைய இ-சைக்கிள் விற்கிறீர்களா? பேட்டரியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கோவையில் பழைய எலெக்ட்ரிக் சைக்கிளை விற்க நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. மற்ற ஊர்க்காரர்களும் படித்து வைத்துக்கொள்ளலாம். "வண்டிய விட்டுட்டுப் போங்க, செக் பண்ணி விலை சொல்றேன்" என்று யார் சொன்னாலும் சரி, பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். எங்கள் வீட்டு பேட்டரிக்குள் இருந்த நல்ல செல்கள் அப்படித்தான் களவு போயின.

சைக்கிள் அப்பாவுடையது. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போய்வருவார். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சைக்கிளே கூடாது என்றுவிட்டார். வெயிலில் நின்றே ஸ்டிக்கரெல்லாம் உரிந்து போய், எந்த கம்பெனி, என்ன மாடல் என்று தெரியாத கோலத்தில் இருந்தது. ஆனால் ஓட்டத்தில் குறையில்லை. முழு சார்ஜ் போட்டால் பெடல் மிதிக்காமலே இருபது கிலோமீட்டர் போகும்.

என்ன விலை போகும் என்று கேட்கத்தான் அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயர் போடவில்லை. கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சாதா சைக்கிள்ல சைனா மோட்டார் கிட் மாட்டுனதுங்க சார் இது. ஆர்சி கிடையாது. போலீஸ் புடிச்சா வண்டியே போயிரும், யாரு வாங்குவாங்க? பேட்டரியும் போனாப்பலதான் தெரியுது. ரெண்டாயிரம்னா நானே எடுத்துக்கறேன். எதுக்கும் பேட்டரிய பிரிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேனுங்க."

மறுநாள் காலையில் வாட்ஸப்பில் பிரித்த பேட்டரியின் படம் ஒன்று வந்தது. "செல் எல்லாம் வீக் சார்" என்று கீழே ஒரு வரி. அந்த விலைக்குக் கொடுக்க மனசில்லாமல் சாயங்காலம் போய் வண்டியை எடுத்து வந்துவிட்டேன். செக்கிங் சார்ஜ் என்று 300 ரூபாய் வேறு வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எதுக்குங்க பில்லு" என்று ஒரு சிரிப்பு.

அடுத்த முறை முழு சார்ஜ் போட்டு எடுத்தபோது ஒண்டிப்புதூர் பாலம் ஏறுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 41 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. 36 வோல்ட் பேட்டரிக்கு அது நல்ல ரீடிங். ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டில் எலெக்ட்ரிக்கல் படிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே, "அண்ணா, இது இவ்வளவு லேசா இருக்கக் கூடாதே" என்றார். மூடியின் ஸ்க்ரூ தலைகளில் புதிதாகக் கீறல். திறந்தோம். பாதி இடத்தில் தெர்மோகோல்! குலுக்கினால் சத்தம் வராதபடி அளவாக வெட்டிச் செருகி, மேலே குளூ கன் பசையை ஊற்றியிருந்தார்கள். மீதிப் பாதியில் பச்சை, ரோஸ், சாம்பல் என்று கலர் கலராக இருபது செல். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்தவை என்றார் தம்பி.

இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 36 வோல்ட் லித்தியம் பேட்டரியில் பத்து செல் வரிசையாக, அதாவது சீரீஸில், இருக்கும். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், பத்துக்கு 42. எங்களுடையது 10.4 ஆம்பியர்-ஹவர் (Ah, எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்கிற கணக்கு) பேட்டரி. ஒவ்வொரு வரிசை இடத்திலும் நான்கு செல் பக்கம் பக்கமாக, மொத்தம் நாற்பது. அதில் நான்கை இரண்டாக்கினாலும் வோல்ட் அப்படியே காட்டும். குறைவது ஆம்பியர்-ஹவர்தான், அதை மீட்டர் வைத்தவுடன் பார்க்க முடியாது. லோடு கொடுத்தால்தான், அதாவது வண்டியை ஓட்டினால்தான், குட்டு வெளிப்படும். ஆனால் எடையை ஏமாற்ற முடியாது. இந்த வகை செல் ஒன்று சுமார் 45 கிராம். இருபது போனால் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்துவிடும். கடைக்குப் போகிறதுக்கு முன்னால் வீட்டுத் தராசில் நிறுத்து, தராசோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் திறந்தது தெரிந்துவிடும்.

ஸ்டிக்கர் போன வண்டி என்னவென்று கண்டுபிடிக்கக் கடைக்காரரே தேவையில்லை. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 42 வோல்ட் என்றிருந்தால் 36 வோல்ட் லித்தியம், 54.6 என்றிருந்தால் 48 வோல்ட் லித்தியம். லெட் ஆசிட் என்றால் தூக்கும்போதே தெரியும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பின்சக்கர நடுவில் இருக்கிற மோட்டாரின் மூடியைத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வோல்ட்டும் வாட்ஸும் பொறித்திருக்கும். எங்களுடையதில் அழுக்குக்கு அடியில் 36V 250W என்று பளிச்சென்று இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்தால் பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர். அப்பாவின் பீரோவில் பழைய பில் கிடைத்தபோது அந்த நம்பர் அதில் அப்படியே இருந்தது. சைனா கிட்டாம்!

ஆர்சி பூச்சாண்டியையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 2(u) என்று ஒன்று உண்டு. மோட்டார் 250 வாட்ஸுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்ற இந்த மாதிரி வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். ஆர்சி இல்லாததைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைப்பது சுத்த ஏமாற்று வேலை. ஆனால் யாராவது 500 வாட்ஸ் மோட்டார் மாற்றிப் போட்ட வண்டி என்றால் கதை வேறு, அதை விற்பவரும் வாங்குபவரும் யோசிக்க வேண்டும்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டதும் வழக்கமான ஆள் ஒருவர் வந்தார். மிலிட்டரியில் இருக்கிறாராம், வண்டியைப் பார்க்கவே வேண்டாமாம், பணம் அனுப்ப கியூஆர் கோட் அனுப்புகிறாராம், நான் ஸ்கேன் செய்து என் யுபிஐ பின் (PIN) நம்பரைப் போட்டால் போதுமாம். பணம் வாங்குவதற்கு எதற்கு PIN நம்பர்? பிளாக் செய்துவிட்டேன். இந்த வலையில் யாராவது விழுந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கடைசியில் பேட்டரி இல்லாமலே ஏழாயிரத்துக்குப் போனது. வாங்கிய கல்லூரிப் பையனிடம் தெர்மோகோல் கதையை முழுவதும் சொல்லித்தான் கொடுத்தேன். மோட்டாரைப் பார்த்ததும் பேரமே பேசவில்லை. அந்த ஒட்டுப்போட்ட பேட்டரியை யாருக்கும் கொடுக்கவில்லை. வயசும் தரமும் தெரியாத செல்களைச் சேர்த்துக் கட்டியதைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கிற அபாயம் உண்டு.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நீங்க குடுத்ததே இதுதானுங்களே" என்று சத்தியம் செய்கிறார். அவரே அனுப்பிய வாட்ஸப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நாற்பதும் ஒரே நீல நிறம், ஒரு இடம்கூடக் காலியில்லை. அதற்கு, "அது வேற கஸ்டமரோடதுங்க, மாத்தி அனுப்பிட்டேன்" என்றார். படத்தின் ஓரத்தில் கழற்றி வைத்த மூடி தெரிகிறது, அதில் அப்பா மார்க்கரில் எழுதிய எங்கள் வீட்டு போன் நம்பரும் தெரிகிறது. அதையும் பழைய பில்லையும் இணைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.