கேம் பாய் பிளேயருடன் ஆறு ஆண்டுகள்

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோ 2003இல் வெளியிட்ட கேம் பாய் பிளேயரை அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் அதே நிறுவனத்தின் கேம்கியூப் பெட்டியின் அடியில் பொருத்தி, ஒரு ரூபாய் நாணயத்தாலேயே திருகை இறுக்கிவிடக்கூடிய இந்தத் துணைக்கருவியில் கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் ஆகிய மூன்று கையடக்கக் கருவிகளின் கார்ட்ரிட்ஜ்களையும் (ஆட்டம் பதிந்த சிறு பெட்டிகள்) செருகித் தொலைக்காட்சியில் ஆடலாம். எனக்கு வெள்ளெழுத்து வந்த பிறகு, பின்னொளி இல்லாத முதல் அட்வான்ஸின் சின்னத் திரையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஆட இயலவில்லை. அதனால்தான் இதைத் தேடி வாங்கினேன்.

தொடக்கத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய பொருள் விற்பவர் கருவியை மட்டும் அனுப்பினார். அதற்குரிய தொடக்க வட்டு இல்லாமல் ஆட்டம் திரைக்கு வராது என்பதைப் பொருத்திய பிறகே அறிந்தேன். வட்டு கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. என்னுடையது அமெரிக்கப் பெட்டி என்பதால் வட்டும் அமெரிக்கப் பதிப்பாகவே இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியின் 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும் என்பதால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரும் வாங்கினேன். இத்தனைக்கும் பிறகு படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. “அண்ணாச்சி, செட்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. வர்றது அமெரிக்க டிவி முறையான என்.டி.எஸ்.சி. சிக்னல், இது நம்ம ஊரு ‘பால்’ (PAL) முறைய மட்டுந்தான் எடுக்கும்” என்ற டிவி மெக்கானிக்கிடமே இரண்டையும் ஏற்கும் பழைய டியூப் டிவி ஒன்றை வாங்கினேன்.

அந்த டிவியில் படம் அருமை. உள்ளே இருப்பது அட்வான்ஸைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர் அன்று, அட்வான்ஸின் சில்லே என்பதால், பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் குதிக்கும் அந்தக் கணமும் ஒலியும் கிட்டத்தட்ட கையடக்கக் கருவியில் இருந்தபடியே இருக்கின்றன. புதிய எல்.சி.டி. டிவியில் இணைத்தபோது 240க்கு 160 புள்ளிகள் கொண்ட படம் மங்கி, அசைவும் ஒரு நொடித்துளி பிந்தியதால் மீண்டும் டியூப் டிவிக்கே திரும்பினேன். படத்தைச் சுற்றி வரும் அலங்காரச் சட்டத்தை என் மகள் விரும்பி மாற்றிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் பூக்கட்டி முடித்ததும் மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆட உட்காரும் அம்மா, “ஏல, அந்த நீளக் கட்டை எப்பம்ல வரும்?” என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்பார்.

கேம்கியூப் கட்டுப்பாட்டுக் கருவியின் திசைப் பொத்தான் மிகச் சிறியது. அரைமணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கும். இப்போது இணைப்புக் கம்பி மூலம் அட்வான்ஸையே கட்டுப்பாட்டுக் கருவியாக வைத்து ஆடுகிறேன். ஆட்டத்தின் சேமிப்பு கார்ட்ரிட்ஜிலேயே தங்குவதால், ஆடிக் காற்றில் மின்சாரம் போய்விட்டால், மகள் அதைக் கழற்றி அட்வான்ஸின் மடக்கு வகையான, விளக்குள்ள எஸ்.பி. கருவியில் செருகி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து திண்ணையில் உட்கார்ந்து தொடர்கிறாள்.