சில்லறையில் எதைத் தேடலாம்: படமா, ஆலைக்குறியா, அச்சுப் பிழையா?

பேருந்து நடத்துநர் தரும் மீதியிலும் பாரிமுனைக் கடைகளில் கைக்கு வரும் சில்லறையிலும் சேர்த்துவைக்க வேண்டிய காசை அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. காசில் உள்ள படத்தைப் பார்ப்பது, ஆலைக்குறியை, அதாவது காசு எந்த ஆலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் சின்ன அடையாளத்தைப் பார்ப்பது, அச்சுப் பிழையைத் தேடுவது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

படம் பார்ப்பது ரொம்பச் சுலபம். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, 2009-இல் நூற்றாண்டுக்காக வெளியான, அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து உள்ள ஐந்து ரூபாய், 2010-இல் வந்த தஞ்சைப் பெரிய கோயில் ஐந்து ரூபாய் எல்லாம் கிடைத்தால் நான் செலவழிக்கவே மாட்டேன். ஆனால் அது ஆசைக்காக. படம் எல்லார் கண்ணிலும் படுகிறது. எல்லாரும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் விலை பெரிதாக ஏறுவதில்லை. 2012 வைஷ்ணோ தேவி காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். பழைய காசு வியாபாரம் என்ற பெயரில் கமிஷன், வரி கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

ஆலைக்குறி சங்கதியே வேறு. காசில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு என்றாலும் ஓர் ஆலை நிறைய அடித்திருக்கும், இன்னொன்று கொஞ்சமாக அடித்திருக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் அருமை இருக்கிறது. வெளிநாட்டில் அடித்து வந்தவையும் உண்டு: 1985 ஒரு ரூபாயில் ஆங்கில ‘எச்’ இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது, 1999 ஐந்து ரூபாயில் மாஸ்கோ ஆலையின் குறியைக் காணலாம். இவற்றை விற்று வீடு கட்ட முடியாது. ஆனால் தேடத் தேடக் கண் பழகும், அறிவும் சேரும்.

மையம் விலகி அச்சான காசு, இரண்டு பக்கமும் தலை உள்ள காசு போன்றவற்றில் புதியவர்கள் இறங்க வேண்டாம். இரண்டு காசை அறுத்து ஒட்டியே ‘இரட்டைத் தலை’ செய்துவிடுகிறார்கள்.

எந்த வழியில் போனாலும் சரி, காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், மதிப்பு போய்விடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள நாணயங்களை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 பைசா இன்னும் செல்லும், கடைக்காரர்தான் வாங்க மாட்டார். அதனால் தேடலை வீட்டு டப்பாவில் கிடக்கும் 50 பைசாக்களிலிருந்தே தொடங்கலாம்.