மெமரி பேரியரோடு ஆறு வருடம்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, ரெண்டு த்ரெட்டுக்கு நடுவுல ஒரு பஃபர் வெக்கறேன். பேரியர் போடோணுங்களா, வாலடைல் போட்டாப் போதுங்களா?" பல்லடம் பக்கம் ஒரு மில்லில் மூன்று நாள் உட்கார்ந்து இதே விஷயத்தைச் சரி செய்துவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருந்தேன். த்ரெட் என்பது ஒரு புரோகிராமுக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் தனித்தனி வேலை. வேகத்துக்காகக் கம்பைலரும் பிராசஸரும் நாம் எழுதிய வரிசையை மாற்றிவிடும்; இந்த இடத்தில் மாற்றாதே என்று தடுப்பதுதான் மெமரி பேரியர். வாலடைல் என்ற சொல்லை மாறிமேல் போட்டால் போதாது, அது கம்பைலரைத்தான் கட்டும், பிராசஸரைக் கட்டாது என்று போனிலேயே சொன்னேன். மீதி இங்கே.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்தது என்று சென்சாரிலிருந்து எடுத்துத் திரைக்கு அனுப்பும் டிரைவர் என்னுடையது. ஒரு த்ரெட் பஃபரில் எழுதிவிட்டு, எதுவரை எழுதியாயிற்று என்று காட்டும் இன்டெக்ஸை ஒன்று கூட்டும்; பஃபர் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று இன்டெக்ஸ் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். எழுதும் பக்கம் டேட்டாவுக்கும் இன்டெக்ஸுக்கும் நடுவே, எழுதும் வரிசையைக் காக்க ஒரு ரைட் பேரியர். 2019-லிருந்து இன்டெல் பிசியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

விலை குறைந்தது என்று போன வருடம் ஆர்ம் போர்டுக்கு மாறினோம், நாலு கார்டெக்ஸ் ஏ72 கோர். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேஸ்திரியிடமிருந்து போன். "ஏனுங்க தம்பி, 412-ல அறுந்துதுன்னு காட்டுதுங்க. போய்ப் பார்த்தா நூல் நல்லா ஓடிட்டிருக்குதுங்க." சென்சாரை மாற்றினோம், ஒயரை மாற்றினோம். டெபக்குக்காக ஒரு பிரிண்ட்கே (கெர்னலில் செய்தி அச்சிடும் வரி) போட்டால் பிரச்சினை வரவே வராது. எடுத்தால் திரும்ப வரும்.

படிக்கும் பக்கம், படிக்கும் வரிசையைக் காக்கும் ரீட் பேரியர் இல்லை. அவ்வளவுதான். இன்டெக்ஸ் நகர்ந்திருந்தால்தானே உள்ளே போய்ப் படிக்கிறேன், இஃப் போட்டிருக்கிறேனே என்று நம்பியிருந்தேன். ஆர்ம் அந்த இஃப் முடியும்வரை காத்திருப்பதில்லை. உள்ளே போவோம் என்று ஊகித்து டேட்டாவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு இன்டெக்ஸ் வந்து ஊகம் சரியென்று தெரிந்தால், முன்பு எடுத்த டேட்டாவே நிற்கும். போன சுற்றில் அந்த இடத்தில் இருந்தது 412. அந்த நூலை எப்போதோ முடிந்துவிட்டிருந்தார்கள். இஃப்புக்குள் எழுதுவதாக இருந்தால் காத்திருக்கும், படிப்பதற்குக் காத்திருக்காது. இன்டெல்லில் ஒரு படிப்பு இன்னொன்றைத் தாண்டியதுபோல் நமக்குத் தெரியவே விடமாட்டார்கள். அதனால்தான் இத்தனை வருடம் இந்த ஓட்டை கண்ணில் படவில்லை.

பேரியர்மேல் குறை சொல்லக் கூடாது. போட்ட இடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. என் கோபமெல்லாம், ஜோடியாக மட்டுமே வேலை செய்கிற ஒன்று, ஜோடி இல்லாதபோது ஒரு சத்தமும் போடாமல் இருக்கிறதே என்றுதான். கம்பைலர் வாய் திறக்காது. லினக்ஸ் கெர்னலில் கோடைச் சோதிக்கும் செக்பேட்ச், பேரியருக்குக் கமெண்ட் இல்லையென்றால் எச்சரிக்கும். நான் எழுதியிருந்தேன்: "முதலில் டேட்டா, பிறகு இன்டெக்ஸ்." செக்பேட்சுக்கு அது போதும். இதன் ஜோடி எந்த ஃபங்ஷனில் என்று எழுதப் போயிருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும்.

சரி செய்தது நாலே வரி. இன்டெக்ஸை எழுத ஸ்டோர் ரிலீஸ் (முன்னால் உள்ளதெல்லாம் முடிந்த பிறகே எழுதும்), படிக்க லோட் அக்வயர் (இதைப் படித்த பிறகே அடுத்ததற்குப் போகும்). படித்து முடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் இன்டெக்ஸுக்கும் அதே ஜோடி. ஆர்ம்வி8-ல் இதற்கென்றே எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் என்ற இன்ஸ்ட்ரக்ஷன்கள் உண்டு, டிஎம்பி என்ற பேரியர் இன்ஸ்ட்ரக்ஷன் தனியாக வேண்டியதில்லை. எந்த மாறியை நம்பி ஒழுங்கு நிற்கிறதோ அதன் மேலேயே அது எழுதியிருப்பது எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. முதல் நாளே இப்படி எழுதியிருக்கலாம்.

ஆக, புது கோடில் தனி பேரியர் ஒன்றுகூட எழுதமாட்டேன். தம்பிக்கும் அதையே சொன்னேன்: ரிலீஸ், அக்வயர் போடு, சந்தேகமாக இருந்தால் லாக் போடு.

ஒரே ஒரு இடத்தைத் தொடவில்லை. ஒரு த்ரெட் "தூங்கப்போகிறேன்" என்று எழுதிவிட்டு வேலை இருக்கிறதா என்று பார்க்கும். மற்றது வேலையை வைத்துவிட்டு அது தூங்குகிறதா என்று பார்க்கும். அங்கே ரிலீஸ், அக்வயர் போதாது, இன்டெல்லிலும், எழுதியதற்கும் பிறகு படிப்பதற்கும் நடுவே வரிசையைக் காக்கும் ஃபுல் பேரியர் வேண்டும், இரண்டு பக்கமும். நேற்று இரண்டையும் திறந்து, ஒவ்வொன்றின் மேலும் மற்றதன் ஃபங்ஷன் பெயரை எழுதி வைத்தேன்.